இலையை இழுத்தவள்

தைப்பொங்கலன்று மத்தியானம், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போதே, கணவன் முன்னால் இருந்த இலையைக் கோமு சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் இருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த காசிலிங்கம் பிள்ளைக்கு அவருடைய அக்காள் பிரம்மநாயகிதான் ஆசையாகக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கை போகுமுன் இலை போய்விட்டது.

"நல்ல நாளும் அதுவுமா, வாய்க்குப் போறதைப் பிடுங்குதாளே," என்று பிரம்மநாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வயல் வயலா நெல்லு விளையுது. என் தம்பி ஒரு வாய்ப் பொங்கலுக்கு ஏங்கிக் கிடக்கான்."

கோமு அடுக்களைக்குள் போய், வழக்கம்போலக் கீரையும் மோரும் கொண்டுவந்து வைத்தாள். பிள்ளையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரி உண்டா என்று வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து வண்டியில் வந்திறங்கிய டாக்டர் தேவசிகாமணி, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அந்தப் பத்தியத்தைச் சொன்னவரே அவர்தான்.

பிள்ளைக்கு நீரிழிவு என்று தெரிந்த புதிதில், சோறு கூடாது, இனிப்பு கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். அந்த நோய்க்கு அப்போது வேறு மருந்து எந்தச் சீமையிலும் கிடையாது. பிள்ளை நன்றாகத் தலையாட்டுவார். ஆட்டிவிட்டு, போகிற கல்யாண வீட்டிலெல்லாம் பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடிப்பார். கண் போய்விடும், கால் போய்விடும் என்று டாக்டர் மிரட்டியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒருநாள் கோமு அந்த வீட்டில் சோறு வடிப்பதையே நிறுத்திவிட்டாள். பிள்ளை சாப்பிட்ட கீரையையும் கொள்ளையுமே அவளும் சாப்பிட்டாள். அதுவரை கிணற்றடியிலேயே குளித்துவந்தவரை விடியற்காலையில் எழுப்பி, குறுக்குத்துறை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய் ஆற்றில் குளிக்க வைத்தாள். தானும் கூடவே நடந்தாள். முதலில் முனகினார். பிறகு பழகினார். கடைசியில் அவரே முந்தி எழுந்து அவளை எழுப்ப ஆரம்பித்தார். தான் இத்தனை சொல்லியும் கேட்காத மனுஷர், அவள் கூட நடந்ததும் மாறிவிட்டாரே என்று டாக்டருக்கு ஆச்சரியம். சில வருஷங்கள் அப்படி நன்றாகவே போயின.

போன ஐப்பசியில் ஆற்றங்கரையில் ஏதோ ஒரு கூரான கல் பிள்ளையின் காலைக் கீறியது. அந்தப் புண் ஆறவே இல்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் டாக்டர் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. காலை எடுத்தாலும் பிழைக்கமாட்டார் என்று போன தடவையே பிள்ளையிடம் ரகசியமாகச் சொல்லியாகிவிட்டது.

"அண்ணாச்சி, இனிமே பத்தியம் இருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல," என்றார் மெதுவாக. "நான் அம்மாகிட்டச் சொல்லிருதேன். வாய்க்குப் பிடிச்சதை நீங்க சாப்பிடுங்க. அவங்களுக்கு விழுற ஏச்சாவது நிக்கும்."

பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிராதேயும் வே. பத்தியத்தை விடுன்னு நீர் சொன்னா அவளுக்கு விளங்கிரும். நான் எந்திரிச்சு மறுபடியும் ஆத்துக்கு நடந்து வருவேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் இருக்கிற வரைக்கும் அப்படியே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

ஆசையாக இல்லையா என்று டாக்டர் கேட்டார்.

"இல்லாம இருக்குமா? அந்த நெய் வாசம் இன்னும் மூக்கிலயே நிக்கி," என்று சொல்லிச் சிரித்தார் பிள்ளை.

வெளியே வந்தபோது அடுக்களை வாசலில் கோமு நின்றிருந்தாள். புண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஆறி வருகிறது, பத்தியத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று டாக்டர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் சரி என்று தலையசைத்தாள்.

மாசி பிறந்து சில நாட்களில் பிள்ளை இறந்துபோனார். கடைசி வரைக்கும் அவர் வாயில் ஒரு பருக்கை சோறு படவில்லை.

துக்கம் கேட்கப் போன டாக்டருக்கு அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரிடமும் பிரம்மநாயகி, என் தம்பியை வயிறு காய அனுப்பிட்டா என்று சொல்லி அழுதுகொண்டிருந்தாள். கோமு கதவோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, என்னை மன்னிக்கணும். பொங்கலன்னைக்கு நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். புண்ணு ஆறல. அன்னைக்கே கைமீறிப் போயிருந்துது. உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க ஒரு வாயாவது கொடுத்திருப்பீங்க. இந்தப் பழியும் உங்களுக்கு வந்திருக்காது."

கோமு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"தெனமும் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டுனது நான்தான ஐயா. எனக்குத் தெரியாதா?"

பின் ஏன் அந்த இலையை இழுத்தாள் என்று கேட்க டாக்டர் வாயெடுத்தார். அதற்குள் அவளே சொன்னாள்.

"அன்னைக்கு நான் விட்டுக்கொடுத்திருந்தா, தான் பிழைக்கப்போறதில்லன்னு அவுகளுக்கு விளங்கியிருக்கும். ஏச்சு என்ன ஐயா ஏச்சு, அது கிடக்கட்டும். கடைசி வரைக்கும் அவுகளுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன். எனக்கு அது போதும்."