மூட மனமில்லாத பக்கம்

"பிரவுசரை மொத்தமா மூடுங்கண்ணே. மூடித் திறந்தாத்தான் டீபக்கர் அதோட சேரும்," என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"வேற வழி இருக்கான்னு பார்க்கிறேன்மா."

தன் மடிக்கணினியோடு அவர் அந்த மென்பொருள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புரோகிராமில் பிழை எங்கே என்று காட்ட வேண்டிய டீபக்கர், பிரவுசரோடு சேராமல் காலையிலிருந்து முரண்டு பிடித்தது. மாலைக்குள் பிழையைப் பிடிக்காவிட்டால் வேலைக்கே உலை.

"அப்படி என்னத்தண்ணே திறந்து வச்சிருக்கீங்க? அண்ணிக்குத் தெரியாம யார்கூடவாவது சாட்டிங்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

மேலாளர் வந்து நின்றார். "மூடுறீங்களா, இல்ல நான் வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

அவர் ஒவ்வொரு பக்கமாக மூடினார். கடைசிப் பக்கத்தில் கை தயங்கியது. அதையும் மூடினார்.

டீபக்கர் உடனே சேர்ந்தது. பிழையும் அகப்பட்டது.

"இதுக்கா இவ்வளவு அடம்?" என்று திரும்பியவள், அவர் கண்களைப் பார்த்துப் பதறினாள்.

"சாட்டிங்தாம்மா. உங்க அண்ணியோட. ஆஸ்பத்திரியில இருந்து அவ கடைசியா பேசினப்போ திறந்த பக்கம். அவ போய்ச் சேர்ந்துட்டா. அன்னைக்கே உறைஞ்சு நின்ன அந்தப் பக்கத்துல மட்டும், அவ ஆன்லைன்ல இருக்கான்னு காட்டுற பச்சைப் புள்ளி அவ பேருகிட்ட அணையாமலே இருந்துது."