மதியத்து மியூசியம்

இரண்டு நாள் பயணத்தில் எதை வெட்டினாலும் மியூசியத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது என்று, துணி மடிக்கிற சாக்கில் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சோபாவில் என் கணவர். பக்கத்தில் மாமியார், முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி. தரையில் நாத்தனார், இவருடைய தங்கை.

அந்த ஊரின் பெயரை நான் முதலில் சொன்னபோது யாருக்கும் தெரியவில்லை. மலையும் இல்லை, கடலும் இல்லை, போய்வந்து பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்றாள் நாத்தனார். பாதி இடிந்த அரண்மனை, படிக்கட்டுக் கிணறு, பொம்மலாட்டக் கூடம், பழைய இசைக்கருவிகள் வைத்திருக்கும் மியூசியம் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். கூட்டமே இருக்காது என்றது இவருக்குப் பிடித்தது. அரண்மனை வாசல்வரை வண்டி போகும் என்றது மாமியாருக்குப் பிடித்தது.

மியூசியத்தை மதியத்தில் வைத்தேன்.

சாப்பிட்டதும் மூவருக்கும் கண் சொருகிவிடும். வண்டியிலேயே தூங்குவார்கள். நான் மட்டும் இறங்கிப் போய்வருவேன்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் என் அக்கா இருப்பாள்.

ஊர் சுற்றுகிற யாரோ எடுத்த வீடியோவில் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் ஒரு முகம். சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டு, இடது கையால் முடியை ஒதுக்கியது. அதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன்.

வீட்டைவிட்டுப் போனவள் அவள். என் பிறந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் அவள் பேச்சை எடுக்கக் கூடாது. மியூசியத்தின் எண் எனக்கு மனப்பாடம். ஆனால் என் ஃபோனை இவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். திட்ட மாட்டார். இது யார் என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவ்வளவுதான்.

மாமியார்தான் ஆரம்பித்தார். மியூசியத்தில் வண்டியை நிழலில் நிறுத்த இடம் உண்டா, இல்லை என்னை உள்ளே வைத்து அவிக்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

அதையும் விசாரித்துவிடலாமே என்று இவர் ஃபோனை எடுத்தார். எங்கே போவதானாலும் இவருக்கு முன்கூட்டியே ஃபோன் போட்டாக வேண்டும். நாத்தனார் எண்ணைத் தேடிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ஸ்பீக்கரில் மணி போனது. எடுத்தது பெண்குரல். அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னது.

ஒன்றும் புரியவில்லை, நீயே பேசு என்று இவர் தங்கையிடம் ஃபோனை நீட்டினார்.

“தமிழா? சொல்லுங்க, எனக்கும் தமிழ்தான்.”

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. ஆனால் ‘சொல்லுங்க’வை இழுக்கிற விதம் அதேதான்.

மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவ்வளவு தூரத்தில் நம்ம பிள்ளை ஒன்று தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறதே, பெற்றவர்கள் கெட்டிக்காரியாக வளர்த்திருக்கிறார்கள் என்றார். அண்ணி, பேசினால் இப்படிப் பேச வேண்டும், உங்களிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது என்றாள் நாத்தனார். நான் சிரித்து வைத்தேன்.

இவர் நிழலைப் பற்றிக் கேட்டார். பெரிய மரம் இருக்கிறது, பெரியவர்களுக்கு நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றாள் அக்கா. எத்தனை பேர் என்று கேட்டாள். அம்மா, தங்கச்சி, நான், அப்புறம் நம்ம வீட்டில் என்றார் இவர். மதியம் ஆளே இருக்காது, நானே கூட வந்து எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்றாள்.

நானே கூட வந்து.

துணிக்குவியலுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரைச் சொன்னால் கடையைச் சொல்லாமல் விட மாட்டார்.

“பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பெரிய பேட்டரிக் கடை இருக்குல்ல, அது நம்மளுதுதாம்மா. அப்பா காலத்துக் கடை.”

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

என்றைக்கு வருகிறீர்கள் என்று கேட்டாள். இவர் சொன்னார்.

“அந்த வாரம் பூரா மியூசியம் பூட்டித்தாங்க இருக்கும். பெயிண்ட் வேலை. அடுத்த மாசமும் சொல்ல முடியாது. வராதீங்க.”

லைன் போய்விட்டது.

இப்போதுதானே நாற்காலி போடுகிறேன் என்றாள் என்று நாத்தனார் கேட்டாள். தேதியைச் சொன்ன பிறகு ஞாபகம் வந்திருக்கும் என்றார் இவர். மியூசியம் போனது. சாப்பிட்டுவிட்டு நேராக அறைக்குப் போய்ப் படுப்பதாக முடிவானது. மாமியாருக்கு அதில் சந்தோஷம்தான்.

“உனக்கென்ன, மூஞ்சி தொங்குது?” என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பேட்டரிக் கடை மாப்பிள்ளை வேண்டாம் என்றுதான் அக்கா போனாள். பத்திரிகைகூடக் கொடுத்து முடித்திருந்தார்கள். போகிற அன்று விடியற்காலை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் தலையைத் தடவி, நல்லா எழுது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவளுக்குத் தைத்த கல்யாண ரவிக்கையை அன்று சாயங்காலமே என் அளவுக்குப் பிடித்துத் தைத்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.