சக்கரவர்த்தியைக் கொன்றவர்

கட்டிலுக்கடியில் கிடந்த பழைய வீடியோ கேமை அண்ணன் தூசி தட்டி டிவியில் மாட்டினான். ரோமாபுரி. கையில் ஒரு வாள். எதிரே வருபவனையெல்லாம் வெட்டித் தள்ள வேண்டியதுதான், கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

"பதிமூணு வயசுல சக்கரவர்த்தி வரைக்கும் வெட்டிச் சாய்ச்சவன் நான்," என்று அண்ணியிடம் மார்தட்டினான். கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டுவரும் கதை.

முதல் வாசலிலேயே ஒரு தொப்பைக் காவலாளி அவனைக் குத்திக் கொன்றான். ஐந்து முறை.

நான் சிரித்துவிட்டேன்.

அவனுக்குச் சுருக்கென்றது. "சிரிக்காதடி. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்த வீரனை ஆட்டுறோம்னு அப்ப சொன்னேன்ல? உன் ஜாய்ஸ்டிக் வயரை நான் சொருகவே இல்லை. லீவு பூரா சும்மா தட்டிக்கிட்டு இருந்தே."

"சின்னப் புள்ளைய இப்படியா ஏமாத்துவீங்க?" என்றார் அண்ணி.

"முதல் நாள் மட்டும்தான் ஏமாந்தேன் அண்ணி," என்றேன். "அவன் தண்ணி குடிக்கப் போனப்ப அவன் வயரைக் கழட்டிட்டு என்னோடதைச் சொருகிட்டேன்."

அண்ணன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை உற்றுப் பார்த்தான். "அப்போ சக்கரவர்த்தியைக் கொன்னது?"

"ஒவ்வொரு வெட்டுக்கும் தொண்டை கிழியக் கத்துனது நீதாண்ணா."