தகரத்துக்கு ஒரு முழம் மேலே

மூன்று ஆள் கனமுள்ள கிளை மரத்தை விட்டுப் பிரிந்து, தகரக் கூரைக்கு ஒரு முழம் மேலே கயிற்றில் தொங்கியபடி மெல்லச் சுழல்கிறது. உச்சியில் மரத்தோடு இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும் மரம் வெட்டுகிறவருக்கு, கைரம்பம் ஓய்ந்த பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுகிறது. கூரைக்கு அடியில் தையல் மெஷின் ஓடுகிறது. "மாப்ள, உள்ள யாரு?" அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிற்றைப் பிடித்திருக்கும் தங்கை புருஷன் நிமிராமலே சொல்கிறான்: "உங்க தங்கச்சிதான் மச்சான். ஒரு சட்டைக்குக் கை வச்சிட்டு வந்துடறேன்னா." "வீட்டுல ஆளில்லன்னு தலைய ஆட்டினியே, அறிவிருக்கா உனக்கு?" "நீங்க திட்டுவீங்கன்னுதான்..." "இப்ப என்ன கொஞ்சுறேனா?" அவர் தங்கையைக் கூப்பிட்டுக் கத்துவது மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. போய்க் கூப்பிடலாமென்றால் இவன் கயிற்றை விட முடியாது. நுனி இலைகள் தகரத்தைச் சரசரவென்று தேய்க்கின்றன. மரத்தூள் வெயிலில் மினுங்கி, கீழே நிற்பவனின் வியர்த்த கழுத்தில் ஒட்டுகிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிளை நுனியில் கட்டியிருந்த பக்கக் கயிற்றை இழுத்து அதை முற்றத்துப் பக்கம் திருப்புகிறார். "இப்ப விடு. கொஞ்சங் கொஞ்சமா. கை நழுவுச்சு, உன்னக் கொன்னே போட்டுடுவேன்." முனகிக்கொண்டே நழுவும் கயிற்றில் கிளை கூரை விளிம்பைத் தாண்டி இறங்கி, மண்ணில் ஓசையில்லாமல் படுக்கிறது. மெஷினும் நிற்கிறது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தங்கை சீறுகிறாள்: "இன்னும் வெட்டவே ஆரம்பிக்கலையா? ரெண்டு பேரும் அங்க கதையா பேசிட்டிருக்கீங்க?"