நாய்க்கடி வரிசை

வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றிருந்தார் கண்ணையா. முன்னால் நின்ற நான்கு பேரையும் கடித்தது அவருடைய நாய்.

அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அங்கேயே உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

காங்கேயம் ரோட்டுத் தேங்காய்க் களத்தில் அவர் சோறு போட்டு வளர்த்த நாய். ஒரு வேலையும் செய்யாமல் களத்தைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் மேற்பார்வை பார்க்கும். அதனால் மேஸ்திரி என்று பேர். போன செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரிக்கு என்ன ஆனதோ, ரோட்டுக்குப் போய் எதிரே வந்தவர்களை எல்லாம் ஒரு வாய் பார்த்துவிட்டது. பிடித்துக் கொண்டுவந்து கட்டிப்போடுவதற்குள் நான்கு பேர்.

முதல் ஆள் பால்காரர். இரண்டாவது, பால்காரரைக் காப்பாற்றப் போனவர்.

மூன்றாவது, வண்டியில் பெட்ஷீட் விற்கும் அமீர் ஹம்சா. மூன்றாம் ஊசிக்கு வந்திருந்தவர், நின்ற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல தனியார் ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போனேன். மருந்து பில்லைப் பார்த்ததும் நாய் கடிச்சதே மறந்துபோச்சுங்க."

வரிசை சிரித்தது. கண்ணையாவும் ஒப்புக்குச் சிரித்தார்.

"அந்த நாய்க்காரன் மட்டும் கையில ஆப்படட்டும். கிழிஞ்ச பேண்டுக்கு ஒண்ணு. ரத்தம் பட்ட பெட்ஷீட்டுக்கு ஒண்ணு. பயந்ததுக்குத் தனி."

"பயந்ததுக்குக்கூடங்களா?" கண்ணையாவின் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"பின்னே? உங்களுக்குப் பயமா இல்லீங்களாண்ணா?"

"இருக்குதுங்க." அதில் பொய்யில்லை.

நான்காவதாக, அவருக்கு நேர் முன்னால் நின்றவள் வெங்கடலட்சுமி. தறிக்குடோனில் வேலை. முதல் நாள் கடிவாயில் காப்பிப்பொடியை அப்பிக்கொண்டு வந்து, சோப்புப் போட்டுக் கழுவத் தெரியாதா என்று நர்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"உங்களுக்கு எங்கீங்கண்ணா கடிச்சுது?" என்று திரும்பிக் கேட்டாள்.

கண்ணையா வேட்டிப் பக்கமாகப் பொதுவாகக் கையைக் காட்டினார். அவள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊசிச் சீட்டுப் பதியும் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. வெங்கடலட்சுமி செல்போனில் மணி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இன்றைக்கும் போகாவிட்டால் தறிக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"பத்து நாளைக்கு நாய் நல்லா இருந்தா ஊசியே வேண்டாமாமா. வெள்ளிக்கிழமைகூட அது ஏதோ களத்துல படுத்திருந்ததைப் பாத்தாங்களாமா. நானு கெளம்பறேனுங்க."

ஊசி அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். வரிசையை விட்டு இறங்கி நடந்தாள்.

கண்ணையா பேசாமல் இருந்தால் சட்டை மிஞ்சும். முன்னால் நிற்கும் மூன்று முதுகுகளையும் ஒருமுறை பார்த்தார். மூன்றும் நல்ல அகலம்.

"அம்மணி, நில்லுங்க."

அவள் நின்றாள். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"அது என்ற நாய்ங்க. ஞாயித்துக்கிழமை செத்துப்போச்சுங்க. ஊசியை உட்டுப்போடாதீங்க."



அமீர் ஹம்சா கண்ணையாவின் சட்டைக் காலரைப் பிடித்தார். பால்காரர் குனிந்து செருப்பைக் கழற்றினார். காப்பாற்றப் போனவர் இந்த முறை யாரையும் காப்பாற்றப் போகவில்லை. வெங்கடலட்சுமி திரும்பி வந்து வாய்க்கு வந்தபடி வைதாள். வைதுகொண்டே தன் பழைய இடத்தில் நின்றுகொண்டாள்.

அதைப் பார்த்த பிறகு கண்ணையாவுக்குக் காலர் அவ்வளவாக இறுக்கவில்லை.

சத்தம் கேட்டு நர்சு வெளியே வந்தார். "என்ன கலாட்டா? உங்க சீட்டு எங்கீங்க?"

"சீட்டு இல்லீங்க. என்னை அது கடிக்கலீங்க. அது செத்த சேதியைச் சொல்லத்தான் வந்தனுங்க."

"அதுக்கு எதுக்கு வரிசையில நின்னீங்க?"

"நின்னுதானுங்களே சொல்லோணும்?"

காலையில் ஏழு மணிக்கே வந்து நின்றிருந்தார். ஜன்னலுக்கு வந்ததும் நர்சின் காதோடு சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நழுவிவிடுவதாகத்தான் திட்டம்.

நர்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால்காரருக்கும் வந்தது, செருப்பு கையில் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

"ஒருத்தரும் ஊசியை நிறுத்தக் கூடாது. டாக்டரும் உங்க எல்லாத்தையும் மறுபடி பார்க்கோணும்," என்றார் நர்சு. "எப்படிங்க செத்துச்சு?"

"ரெண்டு நாளாத் தண்ணி எறங்கலீங்க. வாயெல்லாம் நுரை. நாந்தான் மடியில போட்டு, வாயைப் பொளந்து, வெரல்ல தொட்டுத் தொட்டுப் பால் உட்டேன். கடேசி வரைக்கும் என்னை ஒரு கடி கடிக்கலீங்க." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

நர்சின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார். தேங்காய் வெட்டுகிறவன் கை. விரலுக்கு விரல் அரிவாள் கீறல். இரண்டு மூன்று இன்னும் ஆறாமல் சிவந்திருந்தன.

"கடிக்கவே வேண்டாமுங்க, புண்ணுல எச்சில் பட்டாலே போதும்," என்றார் நர்சு.

காலரைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகியது. அமீர் ஹம்சா தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேண்டில் துடைத்துக்கொண்டார். பால்காரர் செருப்பைக் கீழே போட்டார். எல்லாரும் சுவரோரமாக ஒதுங்கினார்கள்.

"அண்ணா," என்றார் அமீர் ஹம்சா, "நீங்க மொதல்ல போங்க."

ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தது. கண்ணையா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெங்கடலட்சுமி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்கண்ணா. ஊசி கடிக்காது."