அடக்கிய நடுக்கம்

லாரி மோதி மூளையில் அடிபட்ட நாளிலிருந்து ரொசாரியோவுக்குப் பேச்சு இல்லை, கைகால் வராது. தலை மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. நடுக்கத்தை நிறுத்தும் கருவியைக் கழுத்தில் பொருத்தலாமா என்று டாக்டர் கேட்டபோதும் ஆடியது. சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

கருவி பொருத்தியதிலிருந்து தலை கல்லாகக் கிடந்தது. கருவியை மீறித் தலை ஆடக் கிளம்பினால், அதை அடக்கி எண்ணிக் காட்டும் கட்டிலோரத் திரையில் ஒரு வாரமாக ‘அடக்கிய நடுக்கம்: 0’ என்றே இருந்தது. கண்ணோரம் மட்டும் காயவில்லை.

"ஏங்க, இதக் கழட்டிரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் மனைவி பிலோமினா.

தலை அசையவில்லை. திரையில் 1 விழுந்தது.

மறுபடி கேட்டாள். 2.

ஓடிப்போய் நர்சைக் கூட்டிவந்து எண்ணைக் காட்டினாள்.

"கழட்டணும்னா அவரே தலையாட்டிச் சம்மதம் சொல்லணும்மா. இது வெறும் நடுக்கம்."

"அன்னைக்கு ஆட்டுனதும் இதே தலைதான? அத மட்டும் எப்படிம்மா சம்மதம்னு எழுதுனீங்க?"

நர்ஸ் திரைப் பக்கம் திரும்பினாள். "இன்னும் மிச்சம் இருக்கு போல. கிளம்பவே விடாம கருவியோட அளவக் கூட்டிடுறேன்" என்று திரையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

பிலோமினா குனிந்து, அவர் காதோரம் மூன்றாவது முறை கேட்டாள்.

எண் இரண்டிலேயே நின்றது.