பச்சை மை

மனநல டாக்டர் ஐயாவுக்கு, ஆண்கள் வார்டு நர்ஸ் மணிமொழி எழுதுவது.

இடஒதுக்கீட்டு மறியலில் ரோடெங்கும் புளியமரத்தை வெட்டிப் போட்டிருப்பதால் இந்தப் புதன்கிழமை உங்களால் வர முடியவில்லை. சைக்கிளில் போகும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஏழாம் கட்டில் பொன்னுரங்கம், வெள்ளிமலைக்காரர். கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் பெண்சாதி செத்ததிலிருந்து சோறு தொடாதவர். நீங்கள் சொன்னபடி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தோம். புதன் காலை தானாகவே மூன்று இட்லி சாப்பிட்டார்.

"டாக்டர் சாப்டச் சொன்னாரு" என்றார்.

"எந்த டாக்டருங்க? பஸ்ஸே ஓடலியே!"

"மரத்தைத் தாண்டிக்கினு வந்தாரு. உங்களாட்டம் மணி பாத்துக்கினா இருப்பாரு?"

வார்டே சிரித்தது.

கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். 'மூன்று இட்லி' என்று உங்கள் கையெழுத்தில், பச்சை மையில் இருந்தது. இங்கே வேறு யாரிடமும் பச்சை மை கிடையாது. வியாழன் காலை, இட்லி வருவதற்கு முன்பே 'நான்கு' என்றிருந்தது. நான்குதான் சாப்பிட்டார். வெள்ளியன்று ஐந்து.

இன்று சனிக்கிழமை. தேதி மட்டும் போட்டிருக்கிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை.

"இன்னிக்கி டாக்டர் வரலிங்களா?" என்று கேட்டேன்.

"வந்தாரு நர்சம்மா. கட்டிலைத் தடவித் தடவிப் பாத்தாரு. பொன்னுரங்கம் எங்கன்னு என்னையே கேட்டாரு."

அவர் இன்னும் தொடவில்லை, இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. உடனே பதில் அனுப்புங்கள். ஒரு கையால் பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.